இல்லாத ஊருக்கு வழி

‘இல்லாத ஊருக்குப் போகாத வழி சொல்லாதே’ என்று வீட்டுப் பெரியவர்கள் கண்டிப்பார்கள். அந்த வேலையை மட்டுமே முழுமூச்சாகச் செய்கிற புத்தகங்கள் உலகில் ஒரு தனி ரகம். இல்லாத நாட்டின் ஆறுகள், சந்தைகள், கோயில்கள், வரி வசூல், பழைய பகைகள், கல்யாண வழக்கங்கள் என்று எல்லாவற்றையும் எழுதி, வரைபடம் போட்டு, கெட்டி அட்டையில் விற்கிறார்கள். அதைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கவும் லட்சணமாக ஒரு கூட்டம் இருக்கிறது. 2021 ஜூலையில் வந்த ‘த முவாங்கி எக்ஸ்பான்ஸ்’ அந்த ரகத்தில் முக்கியமான ஒன்று. முந்நூறு பக்கங்களைத் தாண்டும் புத்தகம். அதில் இருக்கும் ஒரு ஊர்கூட பூமியில் கிடையாது.

இது எதற்கு என்று புரிய, முதலில் விளையாட்டைப் பார்க்க வேண்டும். டேபிள்டாப் ரோல்பிளேயிங் என்பார்கள். செல்போன் வேண்டாம், டிவி வேண்டாம். ஒரு மேசை, நாலைந்து பேர், கொஞ்சம் பகடைகள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, ‘நான் இதைச் செய்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டே போவார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். பள்ளி விடுமுறையில் அக்கா கதை நடத்த, தம்பி ஆடுகிற வீட்டில் இப்படிப் பேச்சு ஓடும்:

“ஆத்துக்கு நடுவுல ஒரு பழைய பாலம். பாலத்து மேல ஒரு கிழவி உட்கார்ந்திருக்கா. என்ன பண்றே?”

“யாருக்கா அந்தக் கிழவி?”

“நீயே போய்க் கேளு.”

“பயமா இருக்கு. மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னு பார்க்கிறேன்.”

“சரி, பகடையை உருட்டு. பத்துக்குக் கீழ விழுந்தா அவ உன்னைப் பார்த்துடுவா.”

இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்தக் கிழவி யாரென்று அக்காவுக்கே தெரியாது! தம்பி பாலத்தைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போகிறேன் என்றால், அந்த ஊரில் என்ன விற்கிறார்கள், யார் ஆள்கிறார்கள், எதைக் கண்டு பயப்படுகிறார்கள் என்று அவள் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றையும் தானே கற்பனை செய்ய நேரம் இருப்பவர்கள் செய்கிறார்கள். மற்றவர்களுக்குக் கை கொடுப்பதுதான் இந்த ‘ஊர்ப் புத்தகம்’. அது கதை சொல்லாது. கதை நடப்பதற்கான நிலத்தைத் தரும்.

விளையாட்டின் ஆதி, 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’. அது பிரபலமானதும், அடுத்தடுத்து உலகங்கள் வரத் தொடங்கின. கனடாவில் நூலகத்தில் வேலை பார்த்த எட் க்ரீன்வுட், சிறுவனாக இருந்தபோதே தன் போக்கில் ஒரு கற்பனை உலகத்தை எழுத ஆரம்பித்திருந்தார். 1987-ல் அது ‘ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்’ என்ற பெயரில் விளையாட்டுக்குள் வந்தது. கோட்டை, காடு, குறுவாள், குள்ளர்கள், ஐரோப்பிய மத்தியகாலத்து வாசனை. எழுதியவர்களுக்குத் தெரிந்தது அது; அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை.

தப்பு, தெரியாத ஊர்களுக்கு வழி சொல்லப் போனபோது வந்தது. நம்மூர் ராட்சசனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1977-ல் வந்த டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் ‘மான்ஸ்டர் மேனுவல்’ புத்தகத்தில் அவனுக்குப் புலித்தலை. மேலங்கி போட்டுக்கொண்டு, சொகுசாகப் பைப் புகைத்துக்கொண்டிருப்பான். அவனைக் கொல்ல என்ன வழி? மந்திரித்த குறுக்குவில் அம்பு! ராமாயணத்தை எந்தப் பதிப்பில் புரட்டினாலும் இது கிடைக்காது. கிடைக்கிற இடம் வேறு. ‘கோல்சாக்: த நைட் ஸ்டாக்கர்’ என்ற அமெரிக்க டிவி தொடரில் 1974 டிசம்பரில் ஒளிபரப்பான ஒரு பாகத்தில், சிகாகோ நகருக்கு ஒரு ராட்சசன் வருவான். அவனை இப்படித்தான் வீழ்த்துவார்கள். டிவியில் வந்தது விளையாட்டுக்குள் போனது. பின்னர் எத்தனையோ நாடுகளில், எத்தனையோ மேசைகளில், ‘இந்தியாவின் ராட்சசன் இப்படித்தான் இருப்பான்’ என்று ஆகிவிட்டது. சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால், ஒரு பிள்ளைக்கு ராட்சசன் முதலில் அறிமுகமாவதே இந்தப் புத்தகத்தில் என்றால்?

ஆப்பிரிக்காவுக்கு நேர்ந்தது இதைவிடச் சங்கடம்.

பைசோ என்ற நிறுவனம், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கிறது. அதன் விளையாட்டு ‘பாத்ஃபைண்டர்’. விளையாட்டு நடக்கும் உலகத்தின் பெயர் கொலாரியன். அதில் ஐரோப்பாவின் ஜாடையில் ஒரு கண்டம். அதற்குத் தெற்கே ஆப்பிரிக்காவின் ஜாடையில் இன்னொன்று, பெயர் காருண்ட். காருண்டின் பெரும் காட்டுப் பிரதேசத்துக்குத்தான் முவாங்கி என்று பெயர். கென்யாவின் கிகுயு மக்களிடையே முவாங்கி என்பது ஆண்களுக்கு வைக்கும் சாதாரணப் பெயர். தெருவுக்கு இரண்டு பேர் இருக்கலாம். அதே பிரதேசத்தில் செங்கோர் என்று ஒரு துறைமுக நகரம். செனகல் நாட்டின் முதல் ஜனாதிபதியும் கவிஞருமானவரின் பெயரும் செங்கோர்தான். யாரோ ஒருவர் இந்தியா மாதிரி ஒரு நாட்டைக் கற்பனை செய்து, அதற்கு ‘முருகேசன் சமவெளி’ என்று பெயர் வைத்து, தலைநகருக்கு ‘தாகூர்’ என்று வைத்தால் எப்படி இருக்கும்? அப்படி.

2010-ல் இந்தப் பிரதேசத்தைப் பற்றி இரண்டு சிறு புத்தகங்கள் வந்தன. ஒன்று, ‘ஹார்ட் ஆஃப் த ஜங்கிள்’. இன்னொன்று, ‘சர்காவா, த லாஸ்ட் காலனி’. தலைப்புகளைப் படித்தாலே யார் கண்ணால் பார்க்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். ஒன்றில் அது காடு. மற்றதில் அது காலனி.

சர்காவாவின் கதை இது. வடக்கே செலியாக்ஸ் என்ற பேரரசு. அங்கிருந்து கடல் தாண்டி வந்தவர்கள் முவாங்கி கரையோரத்தில் குடியேற்றம் அமைத்தார்கள். தாய்நாட்டில் அரியணைச் சண்டை வந்தபோது, தோற்கிற பக்கத்தை ஆதரித்து மாட்டிக்கொண்டார்கள். ஜெயித்தவர்கள் படைக்கப்பல்களை அனுப்ப, இவர்கள் கடல் கொள்ளையர்களிடம் ஓடினார்கள். கொள்ளையர்கள் கப்பல்களை மூழ்கடித்துக் காப்பாற்றினார்கள், சும்மா அல்ல. அன்றிலிருந்து சர்காவா அவர்களுக்குக் கப்பம் கட்டி, கஜானா காலியாகிக்கொண்டே இருந்தது. எண்ணிக்கையில் மிகச் சிறிய வெள்ளைக் குடியேறிகள், வெயிலில் வியர்த்தபடி, தாய்நாட்டு உடையும் விருந்தும் ஆசாரமும் மாறாமல் ஆள்கிறார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் தோட்டத்திலும் சுரங்கத்திலும் உழைக்கிறார்கள்.

கதையாகப் பார்த்தால் நல்ல கதை. இன்னொரு இடத்தில் இருந்து பார்த்தால் வயிற்றைப் பிசைகிற கதையும்கூட. ஆனால், புத்தகம் ஆடுகிறவரை நிறுத்திய இடம் எது? அதே வருடம் தொடங்கிய ‘சர்பென்ட்ஸ் ஸ்கல்’ என்ற தொடர் சாகசத்தில், நாயகர்கள் சர்காவாவின் தலைநகர் எலெடருக்குக் கப்பலில் போய்க்கொண்டிருப்பார்கள். கப்பல் உடையும். தப்பிக் கரையேறி, பிறகு காட்டுக்குள் மறைந்துபோன ஒரு பழைய நகரத்தைக் கண்டுபிடிக்கப் போட்டி போட்டுக்கொண்டு படையெடுப்பார்கள். புதையல் தேடும் பயணக் கூட்டம், மூட்டை தூக்கும் ஆட்கள், பாம்பு, பாழடைந்த கோயில்... பழைய ஆங்கிலச் சாகச நாவல்களைப் படித்தவர்களுக்கு இந்த வாசனை பரிச்சயம். காட்டில் வசிக்கிற மக்கள் வழிகாட்டியாகவோ தடையாகவோதான் வருவார்கள்.

பதினோரு வருடம் கழித்து வந்த புதிய புத்தகம் செய்தது இந்த நாற்காலியை இடம் மாற்றியதைத்தான். அதைச் செய்த விதம் கவனிக்கத்தக்கது. பழைய புத்தகங்கள் அச்சாகவே இல்லை என்பதுபோல நடந்துகொள்ளவில்லை. கொலாரியன் உலகத்தில் ஒரு சௌகரியம் உண்டு: அதன் நாட்காட்டி நம் நாட்காட்டியோடு சேர்ந்தே நகர்கிறது. இங்கே 2010 என்றால் அங்கே 4710. இங்கே 2021 என்றால் அங்கே 4721. ஆகவே, இரண்டு புத்தகங்களுக்கும் நடுவே அந்த உலகத்திலும் வருடங்கள் ஓடியிருக்கின்றன. அந்த இடைவெளியில் சர்காவாவில் புரட்சி நடந்து முடிந்துவிட்டது! மண்ணின் மக்கள் எழுந்து, குடியேறிகளின் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். கப்பம் வாங்கிப் பழகிய கொள்ளையர்களையும் துரத்தினார்கள். நாட்டின் பெயர் விட்ரியன் ஆனது. எலெடர் என்ற தலைநகர் அந்தூசிஸ் ஆனது. 2019-ல் வந்த உலக வழிகாட்டியிலேயே இந்தச் சேதி அறிவிக்கப்பட்டது. முவாங்கி புத்தகம் அதை விரிவாக எழுதியது.

பழைய சர்காவா புத்தகத்தை அலமாரியில் வைத்திருப்பவர் இன்றும் அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. விட்ரியனில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும் கெட்ட காலத்தின் ஆவணமாக அது ஆகிவிட்டது. பதிப்பாளர்கள் செய்ததில் ஆகக் கெட்டிக்காரத்தனமான காரியம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

புத்தகத்தை எழுதியவர்கள் ஏறத்தாழ இருபது பேர். அவர்களில் கறுப்பின எழுத்தாளர்கள் பலர். எழுதியவர் மாறினால் எது மாறும் என்பதற்கு ஒரு சின்ன உதாரணம்: முன்பு ‘முவாங்கி மக்கள்’ என்று ஒற்றைச் சொல்லில் முடிந்துபோனவர்கள், இங்கே தனித்தனி இனங்களாக, தனித்தனி மொழியும் தொழிலும் சாமியும் உடையவர்களாக வருகிறார்கள். கடலோடிகளான பொனுவாத், உள்நாட்டில் பரவிக் கிடக்கும் செஞ்ச் என்று பட்டியல் நீளும். வழக்கமாக இந்த விளையாட்டுகளில் எல்ஃப் என்றால் வெளுத்த தோலும் பொன்னிறக் கூந்தலும். இங்கே காட்டைக் காக்கும் எகுஜாய் எல்ஃப்கள் கறுப்பு நிறத்தவர்கள். அதற்காக எந்தப் பீடிகையும் போடாமல் புத்தகம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

அனாடி என்றொரு இனம் இருக்கிறது. அவர்கள் சிலந்திகள். ஆளுயரச் சிலந்திகள், ஆனால், சாதுவானவர்கள், கூச்ச சுபாவம். மற்றவர்களோடு பேசிப் பழக ஆசை. பார்த்ததும் எல்லோரும் அலறி ஓடினால் எப்படிப் பழகுவது? அதனால், மனித உருவம் எடுத்துக்கொள்ளும் மந்திரத்தைத் தாங்களே உருவாக்கிக்கொண்டார்கள். விருந்தாளி வந்தால் மனித உருவம். மேற்கு ஆப்பிரிக்காவின் அகான் மக்களிடம் அனான்சி என்ற தந்திரக்காரச் சிலந்தியின் கதைகள் காலங்காலமாக உண்டு. மற்ற உலகங்களில் ராட்சதச் சிலந்தி என்றால் வாளை உருவ வேண்டிய பிராணி. இங்கே அது, ‘வாங்க, உட்காருங்க’ என்று சொல்லிவிட்டு, தன் நிஜ உருவம் தெரிந்துவிடுமோ என்று தயங்குகிற பக்கத்து வீட்டுக்காரர்.

புத்தகத்தின் உயிர், நந்தம்பு என்ற நகரமும் அங்கிருக்கும் மகாம்பியா என்ற கல்விச்சாலையும்தான். வானிலிருந்து விழுந்த பேரழிவால் உலகமே இருண்டுபோன ஒரு காலம் கொலாரியனில் உண்டு. ஆயிரம் வருட இருட்டு. அதற்குப் பிறகு மந்திரக் கல்வியை மறுபடி மூட்டிக் கொடுத்தவர், முவாங்கி பிரதேசத்தைச் சேர்ந்த ஜடெம்பே. முகமூடி அணிந்த பத்து மந்திர வீரர்கள் அவருடைய துணைவர்கள். அவர் தொடங்கிய மகாம்பியாதான் அந்த வட்டாரத்திலேயே மிகப் பழைய மந்திரக் கல்விச்சாலை. ஐரோப்பிய ஜாடை கொண்ட வடக்கு நாடுகள் எல்லாம் பிறகுதான் எழுத்தைக் கூட்டிப் படித்தன என்று அர்த்தம். காட்டு மக்களுக்கு வடக்கிலிருந்து யாரோ வெளிச்சம் கொண்டுவந்தார்கள் என்ற பழைய பல்லவியை இது சத்தமில்லாமல் திருப்பிப் போடுகிறது. நியாயமாகச் சொன்னால், ஜடெம்பே பழைய புத்தகங்களிலேயே இருந்தார். ஆனால், ஓரமாக இருந்தார்.

மந்திரப் பள்ளி என்றதும் எல்லோருக்கும் ஹாரி பாட்டர் நினைவுக்கு வரும். அங்கே பிள்ளைகள் ஊரார் கண்ணில் படாத கோட்டைக்குள் போய்ப் படிப்பார்கள். மகாம்பியா ஊரோடு ஒட்டியது. மாணவர்கள் நந்தம்பு மக்களுக்கு உடலுழைப்புச் சேவை செய்தாக வேண்டும். அது படிப்பின் பகுதி. மேல்வகுப்பில் ஐந்து பிரிவுகள். அதில் ஒன்றான உசுன்ஜாத்தி, கதைகளையும் வரலாற்றையும் சேகரித்துச் சொல்பவர்களுக்கானது. சண்டை மந்திரம் படிப்பவர்களுக்கு இணையான மரியாதை கதை சொல்பவருக்கும்! புத்தகத்தோடு சேர்ந்து வெளியான ‘ஸ்ட்ரெங்த் ஆஃப் தௌசண்ட்ஸ்’ என்ற ஆறு பாகத் தொடர் சாகசத்தில், ஆடுகிறவர்கள் மகாம்பியாவின் புது மாணவர்களாக நுழைந்து, ஆசிரியர்களாக உயர்கிறார்கள். சர்பென்ட்ஸ் ஸ்கல் சாகசத்தில் கப்பலில் வந்து இறங்கியவர்கள் இங்கே உள்ளூர்ப் பிள்ளைகளுடன் ஒரே திண்ணையில்.

எல்லாம் தேனும் பாலும் என்று எழுதியிருந்தால் புத்தகம் சவசவத்துப் போயிருக்கும். முஸாலி என்ற நகரத்தைப் படித்தால் அந்தச் சந்தேகம் தீரும். அதன் அரசன் வால்கெனா, ஒரு சிறுவன். செத்து எத்தனையோ காலமாகப் பதப்படுத்தி வைத்திருந்த ராஜகுமாரனின் உடல், ஒருநாள் கண் விழித்து, தன்னைக் கடவுள் என்று சொல்லிக்கொண்டு அரியணையில் உட்கார்ந்துவிட்டது. அந்நியர்களைக் கடைசி ஆள்வரை துரத்த வேண்டும் என்பது அவன் சபதம். அந்நியர் செய்த கொடுமை பொய் இல்லையே! அதனால் அவன் பேச்சுக்குக் கூட்டம் சேர்கிறது. அவன் தன் சொந்த மக்களையே நடுங்க வைக்கும் கொடுங்கோலன் என்பதும் பொய் இல்லை. நகரத்துக்குள்ளேயே ‘பிரைட் லயன்ஸ்’ என்ற ரகசியக் கூட்டம் அவனை எதிர்க்கிறது. ஆடுகிறவர் எந்தப் பக்கம் நிற்பார்? இந்த ஒரு ஊரை வைத்தே ஒரு வருடம் ஆடலாம்.

குறைகளும் உண்டு. பெயர்கள் ஏராளம். முதல் ஐம்பது பக்கங்களில் தலை சுற்றும். அகராதி படிப்பதுபோல இருக்கிற பகுதிகளை எந்த ரசிகராலும் முழுக்கக் காப்பாற்ற முடியாது. கண்டம் அளவு பெரிய ஆப்பிரிக்காவின் பல பண்பாடுகளை ஒரு கற்பனைக் காட்டுக்குள் அடக்கினால், எங்கோ இடிக்கத்தான் செய்யும். பதிப்பகம் அமெரிக்காவில் இருக்கிறது, புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது, விலையும் அமெரிக்கப் பணத்தில்தான். கென்யாவிலோ கானாவிலோ இருக்கும் ஒரு பிள்ளை இந்தப் புத்தகத்தை எப்போது தொடும் என்று கேட்பவர்களுக்கு, பதில் அவ்வளவு சுலபம் இல்லை.

இந்த நாற்காலி மாற்றம் ஆப்பிரிக்காவோடு நிற்கவில்லை. அதே 2021-ல் டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் வெளியிட்ட ‘வான் ரிக்டென்ஸ் கைட் டு ரேவன்லாஃப்ட்’ என்ற பேய்க்கதை உலகப் புத்தகத்தில், களகேரி என்றொரு நாடு வந்தது. 1990-களில் ‘ஸ்ரீ ராஜி’ என்று இருந்த பழைய இந்திய ஜாடை நாட்டை அடியோடு புதுப்பித்தது அது. பழையதில் ஆண்டவன், பழகிய அதே ராட்சசன். புதியதில் பட்டத்துக்காக உடன்பிறந்தவர்களே மோதிக்கொள்ளும் அரண்மனைக் கதை. அவர்களில் ஒரு குரல் ரம்யா என்ற பெண்ணுடையது. எழுதியவர் அஜித் ஜார்ஜ். கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூரைத் தாண்டி, பாலிகானப்பள்ளியில் ஏழைக் குழந்தைகளுக்காக நடக்கும் சாந்தி பவன் உறைவிடப் பள்ளியின் நிர்வாகத்தில் பணியாற்றியவர். அந்தப் பள்ளியைப் பற்றி 2017-ல் நெட்ஃபிளிக்ஸில் ஓர் ஆவணத் தொடரே வந்தது.

அடுத்த வருடம், 2022 ஜூலையில், அவர் எஃப்.வெஸ்லி ஷ்னைடரோடு சேர்ந்து தலைமையேற்ற ‘ஜர்னீஸ் த்ரூ த ரேடியன்ட் சிட்டடல்’ வெளிவந்தது. பதின்மூன்று சாகசங்கள். எல்லாவற்றையும் எழுதியவர்கள் வெள்ளையர் அல்லாதவர்கள். ஒவ்வொரு சாகசத்தின் முடிவிலும் அந்தந்த நாட்டைப் பற்றிய குட்டி ஊர்ப் புத்தகம். தாய்லாந்தின் இரவுச் சந்தை ஜாடையில் ஒன்று, கொரியா ஜாடையில் ஒன்று, பிலிப்பைன்ஸ் ஜாடையில் ஒன்று. கொல்கத்தாவில் பிறந்த மிமி மண்டல் எழுதியதன் பெயர் சங்கபூமி. வங்காளத்து ஆறும் சேறும் மூடுபனியும் கலந்த நாடு. மந்திரித்த அம்புக்கு அங்கே வேலை இல்லை.

ஆடிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இந்தக் கெட்டி அட்டைப் புத்தகங்களை முதல் நாளே வாங்க வேண்டியதில்லை. பாத்ஃபைண்டரின் விதிகள் முழுவதும் ‘ஆர்கைவ்ஸ் ஆஃப் நெதிஸ்’ தளத்தில், பைசோவின் அனுமதியோடு, இலவசமாகக் கிடைக்கின்றன. அனாடி இனத்தின் விவரமும் அதில் உண்டு. இருபது முகப் பகடை கடையில் கிடைக்காவிட்டால், செல்போனில் உருட்டலாம். வீட்டில் நாலு பேரும் ஒரு மாலை நேரமும் மட்டும் எங்கேயும் தரவிறக்கக் கிடைக்காது. அதை நீங்கள்தான் பிடிக்க வேண்டும்.